நூற்றுக்கு ஐந்து

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் 16 வருடமாக வேலை பார்க்கிறேன். மெஷின் தரும் எண்ணில் சந்தேகம் வந்தால், ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடி ஸ்லைடில் மெல்லிசாக இழுத்து, சாயம் போட்டு, மைக்ரோஸ்கோப்பில் வைத்து நூறு வெள்ளை அணுக்களைக் கையால் எண்ணுவோம். பக்கத்தில் ஒரு கவுண்டர் இருக்கும். வெள்ளை அணுக்களில் பல வகை: நியூட்ரோபிலுக்கு ஒரு பொத்தான், லிம்போசைட்டுக்கு ஒரு பொத்தான், மற்றவற்றுக்குத் தனித்தனியாக. நூறு ஆனதும் மணி அடிக்கும். உடம்புக்கு ஒன்றும் இல்லாத பெரியவர் ஒருவரின் ரத்தம் என்றால் நியூட்ரோபில் பொத்தானை அறுபது தடவையும் லிம்போசைட் பொத்தானை முப்பது தடவையும் தட்டியிருப்போம், கொஞ்சம் முன்னே பின்னே. வருடக்கணக்காகச் செய்தால் விரலுக்கே அந்தத் தாளம் பழகிவிடும்.

அன்றைக்கு ராத்திரி அந்தத் தாளம் வரவில்லை. ஒரே பொத்தானைத்தான் தட்டிக்கொண்டிருந்தேன். மணி அடித்தபோது நியூட்ரோபில் 91, லிம்போசைட் 5, மோனோசைட் 4. ஈசினோபில் ஒன்றுகூட இல்லை. ட்யூபில் ஒட்டியிருந்தது என் அண்ணன் பெயர்.

2021-ல் அவருக்குக் கொரோனா வந்தது. வயது 54, சர்க்கரை நோய் உண்டு, தடுப்பூசி போட்டுக்கொள்ளும் முன்பே தொற்றிவிட்டது. அந்த மூன்று வாரத்தில் அவருடைய ரத்தத்தை நான் பல முறை பார்த்தேன். அதிலிருந்து புரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். வீட்டில் யாருக்காவது வைரஸ் நிமோனியா வந்து, கையில் ரத்த ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு தவிக்கும் ஒருவருக்காவது இது உதவும்.

முதலில் நான் தவறவிட்டதைச் சொல்லிவிடுகிறேன். காய்ச்சல் தொடங்கி ஆறாவது நாள் அண்ணனுக்குக் காய்ச்சல் விட்டது. ரத்தம் எடுக்கப் போனபோது, "காய்ச்சல்தான் விட்டுப்போச்சே, இன்னும் எதுக்குடா குத்தற?" என்றார். ரிப்போர்ட் வந்தது. டோட்டல் கவுண்ட், அதாவது வெள்ளை அணுக்களின் மொத்த எண்ணிக்கை, 5,900. நார்மல் என்பது 4,000 முதல் 11,000 வரை. "டோட்டல் கவுண்ட் சரியாத்தான் இருக்கு அண்ணி" என்று போனில் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். லிம்போசைட் 13 சதவீதம் என்று அதே தாளில் இருந்தது. நான் பெருக்கிப் பார்க்கவில்லை.

பெருக்கியிருக்க வேண்டும். 5,900-ல் 13 சதவீதம் என்றால் 767. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் பெரியவர்களுக்கு லிம்போசைட் ஆயிரத்துக்குக் குறையக் கூடாது. மூன்றாவது நாள் எடுத்த ரிப்போர்ட்டில் 5,600-ல் 24 சதவீதம், அதாவது 1,344. மூன்றே நாளில் பாதிக்குப் பக்கமாகச் சரிந்திருக்கிறது. டோட்டல் கவுண்ட் அசையவே இல்லை. காய்ச்சலும் விட்டிருந்தது. உள்ளே என்ன நடக்கிறது என்பதைச் சொன்ன ஒரே வரியை நான் படிக்காமல் விட்டேன். எட்டாம் நாள் காலையில் குளியலறைக்குப் போய்த் திரும்பியவர் கட்டிலில் உட்கார்ந்து பேச முடியாமல் கையைக் காட்டினார். விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டினால் 89.

ஆறாம் நாளே அந்த எண்ணைப் பார்த்திருந்தால் அதற்கென்று ஒரு மருந்து கொடுத்திருக்க முடியுமா என்றால், முடியாது. குறைந்த லிம்போசைட்டை ஏற்றுவதற்கு என்று அப்போது கொடுக்கக்கூடிய மாத்திரை கிடையாது. ஆனால் காய்ச்சல் விட்டதை நம்பியிருக்க மாட்டேன். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஆக்ஸிஜன் பார்த்திருப்பேன், கொஞ்சம் நடக்கவைத்தும் பார்த்திருப்பேன். ஒரு நாள் முன்னதாக ஆஸ்பத்திரிக்குப் போயிருப்போம். அந்த ஒரு நாள் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அதனால் கையில் ரிப்போர்ட் வந்தால் முதலில் இந்தக் கணக்கைப் போடுங்கள்: டோட்டல் கவுண்டை லிம்போசைட் சதவீதத்தால் பெருக்கி நூறால் வகுங்கள். சில ரிப்போர்ட்டுகளில் 'அப்சொல்யூட் லிம்போசைட் கவுண்ட்' என்று தனியாகவே போட்டிருப்பார்கள். குழந்தைகளுக்கு இந்த அளவு பொருந்தாது. சின்ன வயதில் லிம்போசைட்தான் அதிகமாக இருக்கும். அவர்களுக்கான எல்லை வேறு, அதைக் குழந்தை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

சரி, அந்த அணுக்கள் எங்கே போகின்றன? அண்ணி அழுதுகொண்டே கேட்டது இதைத்தான். "எய்ட்ஸ் மாதிரியா?" என்று மெதுவாகக் கேட்டார். இல்லை. ஹெச்ஐவி கிருமி சிடி4 என்ற லிம்போசைட்டுக்குள்ளேயே குடியேறி, சிகிச்சை எடுக்காவிட்டால் வருடக்கணக்கில் அதை அழித்துக்கொண்டே போகும். கடுமையான ஃப்ளூவிலும் 2003-ல் வந்த சார்ஸிலும் கொரோனாவிலும் நடப்பது வேறு. சில நாளில் எண்ணிக்கை சரிகிறது, பிழைத்துக்கொள்பவர்களில் பெரும்பாலோருக்குச் சில வாரத்தில் ஏறிவிடுகிறது.

நம் உடம்பில் இருக்கும் லிம்போசைட்டுகளில் சுமார் இரண்டு சதவீதம்தான் எந்த நேரத்திலும் ரத்தத்தில் ஓடுகிறது. மீதியெல்லாம் நிணநீர் முடிச்சுகளிலும் மண்ணீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் குடல் சுவரிலும் இருக்கின்றன. நான் மைக்ரோஸ்கோப்பில் எண்ணுவது ஊரை அல்ல, ஊருக்கு நடுவே போகும் பாதையில் நடப்பவர்களை மட்டும். பாதை வெறிச்சோடிப் போனால் அதற்குப் பல காரணம் இருக்கலாம். நுரையீரலில் தீப்பிடித்திருக்கிறது என்று ஒரு கூட்டம் அங்கே ஓடியிருக்கும். உடம்பு அதிர்ச்சியில் கார்ட்டிசால் ஹார்மோனைக் கொட்டுவதால் ஒரு கூட்டம் மஜ்ஜைக்குள் ஒதுங்கியிருக்கும். இவ்வளவோடு போனால் பயமில்லை. கடுமையான நோயில் மூன்றாவது ஒன்றும் நடக்கிறது: நிறைய லிம்போசைட்டுகள் செத்துப்போகின்றன. மிச்சமிருப்பவற்றில் பல, ஓய்வில்லாமல் தூண்டப்பட்டுச் சோர்ந்துபோன அடையாளங்களைத் தாங்கி நிற்கின்றன. வைரஸ் புகுந்த செல்லைத் தேடிக் கொல்லும் டி செல்கள்தான் இதில் அதிகம் அடிபடுகின்றன. இயற்கைக் கொலையாளி செல்கள் என்று சொல்கிறோமே, அவையும் குறைகின்றன. கொரோனாவில் இறந்தவர்களின் நிணநீர் முடிச்சுகளை ஆராய்ந்தபோது, தரமான எதிர்ப்புப் புரதம் (ஆன்டிபாடி) செய்யக் கற்றுக்கொடுக்கும் பகுதியே சரியாக உருவாகாமல் இருந்ததைப் பார்த்தார்கள்.

இதற்கெல்லாம் முதல் திருப்பம் ஆரம்ப நாட்களிலேயே நடந்துவிடுகிறது. வைரஸ் நுழைந்ததும் செல்கள் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தை வெளியிட்டு அக்கம்பக்கத்துச் செல்களை எச்சரிக்கும். 1957-ல் ஐசக்ஸ், லிண்டன்மன் என்ற இருவர் கண்டுபிடித்தது இது. இந்த எச்சரிக்கையை அமுக்கிவைக்கப் பல வைரஸ்களுக்குத் தெரியும். சிலருக்கு உடம்பே எதிரியாகிவிடுகிறது. உயிருக்கு ஆபத்தான கொரோனா நிமோனியாவோடு இருந்த 987 பேரைப் பரிசோதித்ததில் 101 பேரின் ரத்தத்தில் அவர்களுடைய இன்டர்ஃபெரானையே செயலிழக்கவைக்கும் எதிர்ப்புப் புரதங்கள் இருந்தன என்று 2020-ல் தெரியவந்தது. அந்த 101 பேரில் பெரும்பாலோர் ஆண்கள். 'நல்லா இருந்த மனுஷன், எப்படி இப்படி ஆச்சு' என்று நாம் கேட்கிற சிலருக்கு இது ஒரு பதில்.

எச்சரிக்கை தாமதமானால் வைரஸ் பெருகிவிடுகிறது. அப்புறம் உடம்பு விழித்துக்கொண்டு கையில் கிடைத்ததையெல்லாம் நுரையீரலுக்குள் அனுப்புகிறது. மோனோசைட்டுகளும் நியூட்ரோபில்களும் படை படையாகப் போகின்றன. இன்டர்லூகின்-6 போன்ற தூதுப் புரதங்கள் ஏறுகின்றன. அதைப் பார்த்துக் கல்லீரல் சிஆர்பி என்ற புரதத்தைக் கொட்டுகிறது. ரிப்போர்ட்டில் சிஆர்பி ஏறியிருக்கிறது என்றால் இந்த அழற்சியின் நிழலைப் பார்க்கிறோம் என்று அர்த்தம்.

எல்லோரும் "எதிர்ப்புச் சக்தி குறைஞ்சுபோச்சு" என்றார்கள். அந்த வார்த்தை அண்ணன் விஷயத்தில் பாதிதான் உண்மை. குறிபார்த்து அடிக்கத் தெரிந்த லிம்போசைட்டுகள் குறைந்துபோயிருந்தன. குறி பார்க்காமல் அடிக்கும் நியூட்ரோபில்கள் அளவுக்கு மீறிப் பெருகியிருந்தன. பற்றாக்குறையும் வெறியாட்டமும் ஒரே உடம்பில், ஒரே நேரத்தில். நான் அந்த ஸ்லைடை எண்ணிய பத்தாம் நாள் நியூட்ரோபிலை லிம்போசைட்டால் வகுத்தால் 18 வந்தது. சாதாரணமாக ஒன்றுக்கும் மூன்றுக்கும் நடுவில் இருக்க வேண்டியது. எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று சொல்லி ஆளாளுக்கு மாத்திரைகளையும் பொடிகளையும் அனுப்பினார்கள். அன்பினால்தான் அனுப்பினார்கள், அதில் சந்தேகமில்லை. எதைக் கூட்டுவது, எதை அடக்குவது என்று தெரியாமல் எதையும் உள்ளே போட வேண்டாம் என்று எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டி வைத்துவிட்டேன்.

அந்த ராத்திரி ஸ்லைடுக்குத் திரும்ப வருகிறேன். ஆரோக்கியமான நியூட்ரோபிலின் கரு மூன்று நாலு மடலாக, மெல்லிய இழையால் கோத்த மணி மாதிரி இருக்கும். அண்ணனுடைய ஸ்லைடில் பல அணுக்களின் கரு மடலாகப் பிரியவே இல்லை, குதிரை லாடம்போல வளைந்திருந்தது. முதிராத அணுக்கள். மஜ்ஜையால் தேவைக்கு ஈடுகொடுக்க முடியாமல் வளரும் பிள்ளைகளையும் அனுப்பிவிட்டது. உள்ளே கருநீலத் துகள்கள் அடர்ந்திருந்தன, சிலவற்றில் வெள்ளைக் குமிழ்கள். லிம்போசைட்டைத் தேடித்தான் ஸ்லைடை நகர்த்த வேண்டியிருந்தது. புலம் புலமாக நகர்த்தி, ஒன்று கிடைத்ததும் அந்த உருண்டையான ஊதாக் கருவையும் சுற்றியுள்ள மெல்லிய நீல விளிம்பையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். வேலை நேரத்தில் ஒரு அணுவை அப்படி நான் பார்த்துக்கொண்டே இருந்ததில்லை.

இந்த நியூட்ரோபில்கள் இன்னொன்றும் செய்யும். தங்கள் டிஎன்ஏவையே வெளியே வீசி வலை பின்னி, கிருமியைப் பிடிக்கும். 2004-ல்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். கடுமையான தொற்றில் அந்த வலை நுண்ணிய ரத்தக்குழாய்களில் ரத்த உறைவுக்கும் துணைபோகிறது. ரத்த உறைவைக் காட்டும் டி-டைமர் அண்ணனுக்கு ஏறியதும், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசியை வயிற்றுத் தோலில் போட்டதும் இதனால்தான். மூச்சுத் திணறுகிறவருக்கு வயிற்றில் ஊசி எதற்கு என்று அண்ணிக்குப் புரியவில்லை. யாராவது ஒருவர் உட்கார்ந்து சொல்லியிருந்தால் அவருக்கு இருந்த பயத்தில் பாதி போயிருக்கும்.

ஒன்பதாம் நாள் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டை ஆரம்பித்தார்கள். தினம் 6 மில்லிகிராம், பத்து நாள். 2020 ஜூனில் பிரிட்டனில் நடந்த 'ரெக்கவரி' ஆய்வு காட்டிய அளவு அது. வென்டிலேட்டரில் இருந்தவர்களின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கும், ஆக்ஸிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களின் மரணத்தை ஐந்தில் ஒரு பங்கும் அது குறைத்தது. ஆக்ஸிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் எதுவும் கிடைக்கவில்லை. இந்த மூன்றாவது வரியை யாரும் மறக்கக் கூடாது. அந்தக் காலத்தில் லேசான காய்ச்சலுக்கே வீட்டில் ஸ்டீராய்டு மாத்திரை விழுங்கியவர்களின் ரத்தம் எங்கள் மேஜைக்கு வந்திருக்கிறது. வைரஸ் பெருகும் முதல் வாரத்தில், ஏற்கெனவே குறைந்துகொண்டிருக்கும் லிம்போசைட்டுகளை இன்னும் அமுக்குவது அது. கொரோனாவில் உதவியது என்பதற்காக ஃப்ளூவுக்கும் அதையே கேட்கக் கூடாது. அது வேறு நோய்.

ஸ்டீராய்டு உள்ளே போனால் ரிப்போர்ட்டைப் படிக்கும் விதமும் மாறிவிடும். மருந்தே லிம்போசைட்டைக் குறைக்கும். ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் நியூட்ரோபில்களை உதிர்த்து ஓட்டத்துக்குள் விடுவதால் டோட்டல் கவுண்ட் ஏறும். அதைப் பார்த்துவிட்டுப் புதிதாகத் தொற்று வந்துவிட்டது என்று அலற வேண்டியதில்லை. நான் ஒரு நோட்டில் நாள்வாரியாகக் கோடு போட்டு வைத்திருந்தேன்: டோட்டல் கவுண்ட், லிம்போசைட் எண், சிஆர்பி, ஆக்ஸிஜன், சர்க்கரை. ஸ்டீராய்டு ஆரம்பித்த நாளைச் சிவப்பு மையில் வட்டமிட்டிருந்தேன். டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது அந்த ஒரு பக்கத்தைத்தான் கேட்டு வாங்கிப் பார்ப்பார். நோயாளியோடு இருக்கும் யாரும் செய்யக்கூடிய வேலை இது. சர்க்கரையை அதில் கட்டாயம் சேருங்கள். அண்ணனுக்கு ஸ்டீராய்டில் 340-ஐத் தாண்டி, இன்சுலின் போட வேண்டியிருந்தது. லிம்போசைட் குறைந்த உடம்பில் ஸ்டீராய்டும் கட்டுப்படாத சர்க்கரையும் சேர்ந்தால் பூஞ்சைக்கு வழி திறந்துவிட்ட மாதிரி.

பதிமூன்றாம் நாள் அவருக்கு மறுபடி காய்ச்சல் வந்தது. நாலு நாளாக இறங்கிக்கொண்டிருந்த சிஆர்பி திரும்ப ஏறியது. சளி மஞ்சளாக, கெட்டியாக வந்தது. டோட்டல் கவுண்ட் 14,600. இதை ஸ்டீராய்டின் தலையில் கட்டிவிட முடியாது. சளியை கல்ச்சருக்கு அனுப்பினார்கள், பாக்டீரியா வளர்ந்தது. வைரஸ் நிமோனியாவில் இது பழைய கதை. 1918 ஃப்ளூவில் செத்தவர்களில் பெரும்பாலோரைக் கடைசியில் கொண்டுபோனது இப்படிப் பின்னால் வந்த பாக்டீரியாதான். நுரையீரலின் காற்றறைகளில் குடியிருந்து தினமும் கூட்டிப் பெருக்கும் மேக்ரோஃபேஜ்களை ஃப்ளூ வைரஸ் நாசமாக்கிவிடும். கடுமையான கொரோனாவில் மோனோசைட்டுகள் எண்ணிக்கையில் இருந்தாலும், கிருமித் துண்டை டி செல்லிடம் எடுத்துக்காட்டும் திறனை ஓரளவு இழந்துவிடுகின்றன. ஆளில்லாத வீட்டுக்குள் யார் வேண்டுமானாலும் நுழையலாம். தேறிக்கொண்டிருந்தவருக்குத் திரும்பவும் காய்ச்சல் என்றால் மாலை வரை பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். சொன்னதால்தான் அன்றே மருந்து மாறியது.

அன்றைக்கு லிம்போசைட் 6 சதவீதம். அண்ணி அதைப் பார்த்துவிட்டு "அஞ்சுலேருந்து ஆறுதானே ஆயிருக்கு" என்று முகம் வாடினார். பெருக்கிக் காட்டினேன். பத்தாம் நாள் டோட்டல் 11,200, அதில் ஐந்து சதவீதம் 560. இப்போது 14,600-ல் ஆறு சதவீதம் 876. அந்தத் தொற்றுக்கு நடுவிலும் லிம்போசைட் எழுந்திருக்கப் பார்க்கிறது. பத்தொன்பதாம் நாள், ஸ்டீராய்டு முடிந்த மறுநாள், டோட்டல் 9,600, லிம்போசைட் 14 சதவீதம். கணக்குப் போட்டால் 1,344. காய்ச்சலின் மூன்றாம் நாள் இருந்த அதே எண். அன்றைக்கு 24 சதவீதம், இன்றைக்கு 14. சதவீதத்தை மட்டும் பார்ப்பவர் இரண்டையும் ஒன்று என்று எப்படிச் சொல்வார்?

அந்த ஸ்லைடை நானே எண்ணினேன். லிம்போசைட்டுகள் வந்திருந்தன. அதில் பல சாதாரண உருவத்தில் இல்லை. பெரிசாக, அடர் நீலமாக, பக்கத்துச் சிவப்பணுக்களை அணைத்தபடி ஓரம் மடிந்து கிடந்தன. தூண்டப்பட்டு வேலையில் இறங்கிய லிம்போசைட்டுகள் அப்படித்தான் இருக்கும். 63-வது அணுவாக ஆரஞ்சுத் துகள்களோடு ஒரு ஈசினோபில். கடுமையான தொற்றில் முதலில் காணாமல் போவதில் ஒன்று அது. உடம்பு தேறும்போது திரும்ப வரும். ஸ்டீராய்டும் அதை விரட்டும் என்பதால் அதை வைத்து மட்டும் முடிவுகட்ட முடியாது. ஆனாலும் அந்தப் பொத்தானைத் தட்டிவிட்டு அண்ணிக்கு போன் பண்ணினேன்.

இருபத்திரண்டாம் நாள் வீட்டுக்கு வந்தார். ஆறு வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தேன். 7,000-ல் 31 சதவீதம், 2,170. இந்தக் கடைசிப் பரிசோதனையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மூச்சு சரியாகிவிட்டால் போதும் என்று இருந்துவிடுகிறார்கள். சில மாதம் ஆகியும் லிம்போசைட் ஆயிரத்துக்குக் கீழேயே நின்றால் வைரஸ்மேல் பழியைப் போட்டுவிட்டு இருக்கக் கூடாது. வேறு காரணம் இருக்கலாம், டாக்டர் தேட வேண்டும். எண்ணிக்கை திரும்பிய பிறகும் அண்ணனுக்கு மூன்று மாதம் போல அசதி இருந்தது. எண் சரியானதும் ஆள் சரியாகிவிட்டார் என்று நாங்கள் அவரை அவசரப்படுத்தவில்லை. டாக்டர் சொன்ன நாளில் தடுப்பூசியும் போட்டுக்கொண்டார். ஒரு தடவை வந்து போனதே போதாதா என்று அவர் கேட்டபோது, ஏற்கெனவே பழகிய அணுக்களுக்கு அது இன்னொரு ஒத்திகை என்று சொன்னேன்.

அந்த ஆறாவது வாரம் ரத்தம் கொடுக்க அவரே எங்கள் கூடத்துக்கு வந்தார். சாயம் காயும் வரை காத்திருந்து, ஸ்லைடை வைத்து, ஒரு லிம்போசைட்டை நடுவில் நிறுத்தி, "பாருங்கண்ணா" என்று நாற்காலியை விட்டு எழுந்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இதுவா? இவ்வளவு சின்னதா இருக்கே."

"அதேதான்."

"இதுக்கு அந்த வைரஸை ஞாபகம் இருக்குமாடா?"

2003-ல் சார்ஸ் வந்து பிழைத்தவர்களின் ரத்தத்தில் 17 வருடம் கழித்தும் அந்த வைரஸை அடையாளம் காணும் டி செல்கள் இருந்ததைப் பற்றிச் சொன்னேன். இந்த ஒரு அணுவுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல முடியாது, ஞாபகம் உள்ளதும் இல்லாததும் மைக்ரோஸ்கோப்பில் ஒரே மாதிரிதான் இருக்கும் என்றும் சொன்னேன். அவர் தலையை எடுக்கவில்லை. "அடுத்ததக் காட்டு" என்றார். ஸ்லைடை நகர்த்தினேன். தேடவே வேண்டியிருக்கவில்லை, பக்கத்திலேயே இன்னொன்று இருந்தது.